சில்வர் ஷீட் இன்சுலேஷன்: வெயிலுக்கும் ஈரத்துக்கும் சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஷெட், மாடி ரூம், ஃபால்ஸ் சீலிங் வேலை பார்த்து வருகிறேன். சித்திரை பிறந்தால் வெயிலைப் பற்றிக் கேட்பார்கள், ஐப்பசி வந்தால் ஈரத்தைப் பற்றிக் கேட்பார்கள், கடையில் இரண்டுக்கும் எடுத்துக் காட்டுவது அதே பளபளக்கிற ரோல்தான். நல்ல பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் தப்பாகப் போட்டால் பணமும் போய், ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைத்துவிடும். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சில்வர் ஷீட் என்று கேட்டால் கடையில் நாலைந்து எடுத்துப் போடுகிறார்கள். எது என்ன?

எல்லாவற்றுக்கும் பொதுவானது அலுமினிய ஃபாயில். இரண்டு ஃபாயிலுக்கு நடுவே காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் இருந்தால் அது பபுள் ஷீட். ஃபாயிலுக்குப் பின்னால் மெத்தென்று நுரை இருந்தால் பெரும்பாலும் எக்ஸ்எல்பிஇ, அதாவது ஒருவகை பாலிஎத்திலீன் நுரை. அதில் ஒவ்வொரு சின்ன அறையும் தனியாக மூடியிருக்கும், அதனால் தண்ணீரில் முக்கினாலும் உறிஞ்சாது. நெய்த பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய வெறும் ஃபாயிலும் உண்டு, விலை குறைவு, இடைவெளி விட்டுச் சரியாகப் போட்டால் அதுவும் நன்றாகவே வேலை செய்யும். கடைசியாக ஃபாயில் ஒட்டிய கிளாஸ் ஊல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு. அது வேறு கதை, கீழே தனியாகச் சொல்கிறேன்.

இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, இது எப்படி வெயிலைத் தடுக்கும்?

இது தெர்மோகோல் மாதிரி தடிமனால் தடுப்பதில்லை. இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, இடுக்கியால் பிடித்துச் செங்குத்தாகத் தூக்குங்கள். ஒரு ஜாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினால் அனல் அடிக்கும். இப்போது சப்பாத்தி சுற்றுகிற ஃபாயிலில் ஒரு துண்டை, கல்லையும் தொடாமல் கையையும் தொடாமல் நடுவில் நீட்டுங்கள். அனல் சட்டென்று நின்றுவிடும். அந்த ஃபாயில் ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது.

நடப்பது இதுதான். சூடான பொருள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வெளியே விடும். கான்கிரீட்டோ, சிமென்ட் ஷீட்டோ, பெயிண்ட் அடித்த தகரமோ, எதுவானாலும் தன்னால் முடிந்த கதிரில் நூற்றுக்கு 90 பங்கை விட்டுவிடும். சுத்தமான அலுமினிய ஃபாயில் விடுவது 3 முதல் 5 பங்குதான், தன் மேல் விழுவதில் 95 பங்குக்கு மேல் திருப்பியும் அனுப்பிவிடும். 1892ல் ஜேம்ஸ் டேவார் செய்த ஃபிளாஸ்க்கின் உள்சுவரில் வெள்ளிப் பூச்சு இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

நம் ஊருக்கு இது ரொம்பப் பொருத்தம். கூரைச் சூடு மேலிருந்து கீழே வர வேண்டும், ஆனால் சூடான காற்று மேலேயேதான் நிற்கும், கீழே இறங்காது. அதனால் கூரைக்கும் நமக்கும் நடுவே வருகிற சூட்டில் பெரும்பங்கு கதிராகத்தான் வருகிறது. மே மாத மத்தியானம் ஷீட் கூரை 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் நிழலிலேயே 45 டிகிரி பதிவானது என்றால், அன்று ஷீட்டுக்கு அடியில் படுத்திருந்தவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் சில்வர் ஷீட்டைக் கூரை ஷீட்டோடு ஒட்டி, அதன் அடியில் பேனல் அடித்துவிட்டால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஃபாயிலின் ஒரு பக்கமாவது காற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்று அழுத்திக்கொண்டிருந்தால் அது வெறும் அலுமினியம், சூட்டை நன்றாகக் கடத்துகிற உலோகம், அவ்வளவுதான்.

என் வீட்டு மாடி ரூமிலேயே இந்தத் தப்பைச் செய்தேன். கலர் ஷீட், அதன் அடியில் பபுள் ஷீட், அதை அழுத்திப் பிடித்தபடி பிவிசி பேனல். உயரம் குறைந்துவிடக் கூடாது என்று ஒரு அங்குலம்கூட விடவில்லை. அம்மா அந்த ரூமில்தான் மத்தியானம் படுப்பார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "அனல் அப்படியேதான் இருக்கு, காசு போட்டதுதான் மிச்சம்" என்றார்கள். பேனலைக் கழற்றி, ஒன்றரை அங்குலப் பட்டை அடித்துக் கீழே இறக்கி, மறுபடி மாட்டினேன். பொருள் அதேதான். மறுநாள் மத்தியானம் பேனலைத் தொட்டபோதே வித்தியாசம் தெரிந்தது.

கணக்காகவும் சொல்கிறேன். வெப்பத் தடையை, ஒரு வாட்டுக்கு இத்தனை சதுர மீட்டர்-டிகிரி என்ற அளவில், ஆர் மதிப்பு என்று சொல்வார்கள், கூடினால் நல்லது. கீழ்நோக்கி வரும் சூட்டுக்கு 25 மி.மீ. வெறும் காற்று இடைவெளியின் ஆர் மதிப்பு சுமார் 0.15. அதே இடைவெளியின் ஒரு பக்கம் ஃபாயில் இருந்தால் சுமார் 0.7, இடைவெளி இன்னும் பெரிசானால் இன்னும் கூடும். 4 மி.மீ. பபுளை இரண்டு பக்கமும் அழுத்திப் போட்டால் கிடைப்பது 0.1 தான். குமிழிக்கு நீங்கள் கொடுக்கிற காசைவிட, காசே இல்லாத அந்தக் காலி இடம்தான் அதிகம் உழைக்கிறது.

பளபளப்பு மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா?

ஒரு பக்கம்தான் ஃபாயில் என்றால் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படியும், படிந்த தூசி கதிரை வாங்கிக்கொள்ளும், இரண்டு மூன்று வருஷத்தில் பாதி பலன் போய்விடும். கீழ்ப்பக்கம் தூசி நிற்காது. வெயில் மேலிருந்துதானே வருகிறது, கீழே பார்த்தால் எப்படித் தடுக்கும் என்று கேட்பார்கள். கீழே பார்க்கிற ஃபாயில் தானே சூடானாலும் அந்தச் சூட்டைக் கதிராகக் கீழே விடாது, அதுதான் விஷயம். இரண்டு பக்கமும் ஃபாயில் உள்ள ரோல் வாங்கினால் இந்தக் கவலையே வேண்டாம்.

மழையே இல்லை, விடியற்காலையில் ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆணி ஓட்டையெல்லாம் அடைத்துவிட்டோம், நிற்கவில்லை. ஏன்?

ஓட்டை இல்லை, ஷீட் வேர்க்கிறது. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டு, சுற்றியிருக்கிற காற்றைவிடவே இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். நம் காற்றிலோ எப்போதும் கடலின் ஈரம் இருக்கிறது, அதோடு ரூமில் நாலு பேர் விடுகிற மூச்சு, சமையல் ஆவி, காயப்போட்ட துணி. இந்தக் காற்று குளிர்ந்த தகரத்தைத் தொட்டவுடன், பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் முத்து முத்தாகத் தண்ணீர் பூப்பது போலவே பூத்து, ஷீட்டின் பள்ளத்தில் சேர்ந்து, பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் வரைக்கும் ஓடி அங்கே சொட்டும். அதனால்தான் சொட்டுகிற இடம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அதை வைத்தே இது ஒழுகல் இல்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதற்குச் சில்வர் ஷீட் நல்ல மருந்து, ஒரு நிபந்தனையோடு. ரூமின் ஈரக் காற்று தகரத்தைப் போய்த் தொடக் கூடாது. ரோலுக்கு ரோல் குறைந்தது 2 அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி லேப் விட்டு, இணைப்பு முழுக்க அலுமினிய டேப் ஒட்டி, சுவர் ஓரத்திலும் ஒட்டி மூட வேண்டும். நம் ஆட்கள் விட்டுவிடுகிற வேலை இதுதான், ஸ்டேப்ளர் அடித்ததோடு ஏணியை விட்டு இறங்கிவிடுவார்கள். ஆவிக்கு ஒரு விரல் இடுக்கு போதும், அதன் வழியாகவே மேலே போய்விடும்.

இன்னொன்று, ஃபாயிலுக்கு மேலே உள்ள இடைவெளியில் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் பூக்கத்தான் செய்யும். அதனால் ஃபாயிலைத் தொட்டில் மாதிரித் தொய்ய விடாமல், கூரையின் சரிவிலேயே இழுத்துக் கட்டி, கீழ்முனையை வெளிப்பக்கம், முடிந்தால் தண்ணீர் போகிற காடிக்குள்ளேயே விடுங்கள். மேலே சொட்டுவது அப்படியே வழிந்து வெளியே போய்விடும். ஷீட்டில் ஒரு ஓட்டை விழுந்தாலும் அது இரண்டாவது கூரையாக நிற்கும்.

ஏசி ரூமில் போட்டோம், ஃபால்ஸ் சீலிங்கில் கறுப்புப் பூசணம் வந்துவிட்டது. எங்கே தப்பு?

வீடியோ பார்த்துப் போடுகிறவர்களுக்கு அதிகம் நடப்பது இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்நாட்டு வீடுகளில் உள்ளே சூடு, வெளியே பனி, அதனால் ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அங்கே ஆவித் தடுப்பை ரூம் பக்கம் வைக்கிறார்கள், அது அவர்களுக்குச் சரி. நமக்கு எல்லாம் தலைகீழ். சென்னைக் காற்று வருஷத்தில் பல மாதங்கள் 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீரை விட்டுவிடும், பள்ளிப் புத்தகத்தில் பனிநிலை என்று படித்தோமே அதுதான். நீங்கள் ஏசியை 22ல் வைக்கிறீர்கள். வெளிக்காற்று எந்த இடுக்கு வழியாக உள்ளே வந்து குளிர்ந்த ஜிப்சம் போர்டின் முதுகைத் தொட்டாலும் அங்கே ஈரம்தான்.

ஆகவே ஃபாயிலும் டேப்பும் வெளிப்பக்கம், அதாவது கூரையை ஒட்டிய சூடான பக்கம் இருக்க வேண்டும். ரூம் பக்கத்தில் ஆவியை அடைக்கிற எதுவும் வேண்டாம். வெளிச்சுவரின் உட்புறம் பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டிய ஏசி ரூமில் ஒரு மூலையை உரித்துப் பாருங்கள், பின்னால் மிளகு தூவியது மாதிரிப் புள்ளி புள்ளியாகப் பூசணம் இருந்தால் காரணம் இதுதான்.

கிளாஸ் ஊல் மலிவாக இருக்கிறதே, அதையே போடலாமா?

காய்ந்த இடத்தில் நல்ல பொருள், தீயிலும் எரியாது, சத்தத்தையும் குறைக்கும். ஆனால் அது தடுப்பது தனக்குள் அடைபட்ட காற்றை வைத்து. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் தடை போய்விடும், கனமாகித் தொங்கும், காயவும் நாளாகும். ஃபாயில் ஒட்டித்தானே வருகிறது என்பார்கள். ஃபாயில் ஒரு பக்கம்தான், வெட்டிய ஓரங்கள் நாலும் திறந்துதான் இருக்கும். ஈரம் நிச்சயம் வராத இடம் என்றால் போடுங்கள், சந்தேகம் என்றால் எக்ஸ்எல்பிஇ நுரையோ பபுளோ போதும்.

தளம் ஒழுகுகிறது. அடியில் சில்வர் ஷீட் அடித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது, தயவுசெய்து செய்யாதீர்கள். கறை கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கான்கிரீட் பெயர்ந்து சீலிங்கோடு விழும். முதலில் மேலே வாட்டர் புரூஃபிங், அப்புறம் ஒரு மழைக்காலம் பார்த்துக் காய்ந்ததை உறுதி செய்துகொண்டு இன்சுலேஷன்.

எங்களுடையது கான்கிரீட் மேல்மாடி ஃபிளாட். ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் கொதிக்கிறது. என்ன செய்வது?

கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி நமக்குத் திருப்பித் தரும். அதனால் முதல் வைத்தியம் மேலேதான். மொட்டை மாடியில் கை வைக்க உரிமை இருந்தால் எக்ஸ்பிஎஸ் என்கிற கெட்டியான நுரைப் பலகை போட்டு அதன் மேல் கலவையும் வெள்ளை டைல்ஸும், அல்லது கம்பி நட்டு நிழலுக்கு ஒரு ஷீட் கூரை. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மரக்கட்டைக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்து, அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தார்கள், அந்தத் தளத்துக்கு அடியில் இன்றைக்கும் மத்தியானம் தூங்கலாம். வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு போட்ட 2018ஆம் ஆண்டு கட்டட விதித் தொகுப்பான ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே கடக்கும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் 6 அங்குல கான்கிரீட் தளம் 3க்கு மேல் கடத்தும்.

மாடி உங்களுடையது இல்லை என்றால் உள்ளே ஃபால்ஸ் சீலிங். சீலிங் ஃபிரேமின் மேல் சில்வர் ஷீட்டை விரித்து, தளத்துக்கும் அதற்கும் நடுவே 4 அங்குலமாவது விடுங்கள். தளம் சூடாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் மேல் அனலை வீசாது. ஃபேன் ராடுக்கு வெட்டுகிற ஓட்டையைச் சுற்றி டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

தட்டோடு பதிக்கும்போதே கலவைக்கு அடியில் சில்வர் ஷீட்டைப் போட்டுவிடச் சொல்கிறாரே மேஸ்திரி?

வேண்டாம். காற்று இடைவெளி கிடையாது, அதனால் ஃபாயிலுக்கு அங்கே வேலையே இல்லை. போதாக்குறைக்கு ஈரச் சிமென்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தை அரித்துவிடும்.

கடலோரத்தில் எவ்வளவு நாள் தாங்கும்?

எண்ணூர், காசிமேடு, பெசன்ட் நகர், ஈசிஆர் ஓரம் என்றால் வெறும் ஃபாயிலைப் போடாதீர்கள். ஈசிஆரில் பக்கச்சுவர் இல்லாத ஒரு ஷெட்டில் வேறு யாரோ போட்டிருந்த ஷீட்டைக் கழற்றினேன். கடலைப் பார்த்த பக்கம் விரலால் தேய்த்தால் வெள்ளை மாவாக வந்தது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சல்லடை மாதிரி ஓட்டை. மூலையில் காற்று படாமல் மடிந்து கிடந்த துண்டு மட்டும் புதிது போலப் பளபளத்தது. அலுமினியம் உப்பும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது. மேலே லேசான பாதுகாப்புப் பூச்சு கொடுத்த ஃபாயில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள், காற்று நேராக அடிக்கிற ஓரங்களை மூடிவிடுங்கள். ஸ்க்ரூ, வாஷர் விஷயத்திலும் மலிவு பார்க்க வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் அடியில் போடலாமா?

போடலாம், ஆனால் அந்த ஷீட்டில் துளை போடக் கூடாது, அறுக்கக் கூடாது, தேய்த்துச் சுத்தம் செய்யவும் கூடாது. அதிலிருந்து வரும் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். பர்லினிலோ சுவரிலோ தனியாகச் சட்டம் பிடித்து, அதில் ஃபாயிலைக் கட்டுங்கள். உடைந்த ஷீட் இருந்தால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தீப்பிடிக்குமா? கரண்ட் பயம் உண்டா?

இரண்டும் உண்டு. அலுமினியம் எரியாது, ஆனால் நடுவில் இருக்கிற பாலிஎத்திலீன் உருகி, எரிந்து சொட்டும். தீத்தடுப்புச் சேர்த்த ரகமா என்று டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். ஷெட் வேலையில் ரொம்ப முக்கியமானது, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் ஃபாயில் ஏற வேண்டும். ஃபாயில் போட்ட பிறகு "ஒரே ஒரு டாக்" என்று மேலே ஏறி வெல்டிங் வைக்கிறார்கள், ஒரு பொறி போதும்.

கரண்ட் இன்னும் மோசம். ஃபாயில் முழுக்க உலோகம், ஒரு ஸ்டேப்ளர் பின் வயரில் இறங்கினால் கூரை மொத்தத்திலும் கரண்ட். ஆஸ்திரேலியாவில் 2009-10ல் அரசுத் திட்டத்தில் வீடு வீடாக இன்சுலேஷன் போட்டபோது 4 இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஃபாயிலில் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்களும் அதில் உண்டு, அதற்கப்புறம் அந்தத் திட்டத்தில் ஃபாயிலையே நிறுத்தினார்கள். வேலை நடக்கும்போது மெயினை இறக்கிவிடுங்கள். வயர் எல்லாம் பைப்புக்குள் இருக்கட்டும், அந்தப் பக்கம் பின் அடிக்காமல் டேப் ஒட்டச் சொல்லுங்கள், வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டித்துவிடும் சுவிட்ச், இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள். உங்கள் கூரையில் ஏறுகிற பையன் யார் வீட்டுப் பிள்ளையோ, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன் சிக்னல் குறையுமா?

கூரை மட்டும் என்றால் பெரிதாகத் தெரியாது. சுவரையும் சேர்த்து மூடினால் குறையும்.

வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதாதா?

இரண்டும் வேறு வேறு வேலை. பெயிண்ட் வெயிலை மேலேயே திருப்பி அனுப்புகிறது, ஷீட் சூடாவதே குறைகிறது. ஃபாயில், சூடான ஷீட் நம் மேல் அனல் வீசுவதைத் தடுக்கிறது. காசு குறைவு என்றால் பெயிண்டில் ஆரம்பியுங்கள், ஆனால் சென்னையில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டுகிறது, அது முடிந்தவுடன் பாசியும் புறா எச்சமும் சேர்ந்து வெள்ளை எல்லாம் கறுத்துப்போகும். வருஷா வருஷம் தை முடிந்ததும் தேய்த்துக் கழுவினால்தான் பலன் நிற்கும்.

போட்டால் எத்தனை டிகிரி குறையும்? கரண்ட் பில் பாதியாகுமா?

பாதியாகும் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். சுவர், ஜன்னல், கதவு இடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் சூடு வருகிறது, நாம் கூரையை மட்டும்தான் பார்க்கிறோம். சுவரில் தொங்குகிற வெப்பமானி கொஞ்சம்தான் இறங்கும், ஆனால் மண்டையில் அனல் அடிப்பது நின்றுவிடும், உடம்புக்கு அது பெரிய வித்தியாசம். ஷீட் வீட்டில், ஒற்றைக் கூரை மட்டும் இருந்த இடத்தில், பலன் அதிகம் தெரியும். நிழலாக மரம் இருக்கிற, ஏற்கெனவே ஓடு பதித்த மாடியில் குறைவாகத் தெரியும். ராத்திரி ஜன்னலைத் திறக்க வழி இல்லாத ரூம் என்றால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பகலில் சேர்ந்த சூடு வெளியே போக வழி இருக்காது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கடையிலேயே ஒரு துண்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில், படாமல், ஒரு அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். நல்ல ஃபாயில் என்றால் சில நொடியில் கன்னம் வெதுவெதுக்கும், உங்கள் உடம்புச் சூட்டையே அது திருப்பித் தருகிறது. வெள்ளி நிறம் மட்டும் இருக்கிற பிளாஸ்டிக்கில் அது தெரியாது, ஏனென்றால் பிளாஸ்டிக் மேலே இருந்தால் அது கதிரைக் குடித்துவிடும். அப்புறம் ஃபாயிலை நகத்தால் ஓரத்தில் நிமிண்டிப் பாருங்கள், சுலபமாகப் பிரிந்து வந்தால் நம் புழுக்கத்தில் ஒரு வருஷத்தில் தானாகவே உரிந்துவிடும். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் விலை கொஞ்சம் குறையும், ஆனால் டேப்பை மட்டும் நல்லதாக வாங்குங்கள். ரோலில் மிச்சம் பிடித்து டேப்பில் விட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

மாசி, பங்குனி. தளமும் மரமும் நன்றாகக் காய்ந்திருக்கும், கத்திரிக்கு முன்னால் வேலையும் முடிந்துவிடும். கார்த்திகையில் கூப்பிட்டால் நான் வந்து அளவு மட்டும் எடுத்துவிட்டு, பொங்கல் கழித்துப் போடலாம் என்றுதான் சொல்வேன். ஈரச் சுவரின் மேல் ஃபாயில் ஒட்டினால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். அவசரம் என்றால் சுவரில் ஒரு முழ அளவுக்கு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அதன் உள்பக்கம் வேர்த்திருந்தால், இன்னும் காயவில்லை.